பூச்சிக் கணக்கில் ஒரு புதன்கிழமை

எட்டு ஆட்கள் ஒரு கிணற்றைப் பன்னிரண்டு நாளில் வெட்டினால் ஆறு ஆட்கள் எத்தனை நாளில் வெட்டுவார்கள் என்று, பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பவள் நான். என் ஆட்களில் ஒருவனுக்கும் ஒருநாளும் காய்ச்சல் வந்ததில்லை. ஒருவன் வீட்டிலும் சாவு விழுந்ததில்லை. பாறை கிடையாது, மழை கிடையாது. பதினாறாம் நாள் சாயங்காலம் கிணறு தயார். விடை பின்னமாக வந்தால் பிள்ளை தப்பாகப் போட்டிருக்கிறாள் என்று அர்த்தம். சிவப்புப் பென்சிலை எடுத்துவிடுவேன்.

இப்படிப்பட்டவளுக்குப் பிறந்த ஒரே பெண், மெட்ராஸில் எம்.எஸ்ஸி. கணிதம் படிக்கப் போனவள், கழனியில் இருக்கும் பூச்சிகளைச் சமன்பாட்டில் கொண்டுவரப் போகிறேன் என்று ஒரு விடுமுறையில் வந்து நின்றாள். எழுபதுகள் பிறந்த புதிது. கம்ப்யூட்டர் என்பதை நாங்கள் படத்தில்கூடப் பார்த்ததில்லை. மருந்தைக் குறைத்து, பூச்சியைப் பூச்சியை வைத்தே அடக்க முடியுமா, எத்தனை பூச்சி வந்தபின் மருந்து அடித்தால் போதும் என்பதைக் கணக்கு சொல்லுமாம். பெண்ணைப் பெரிய படிப்புக்கு அனுப்பாதே என்று சொன்னவர்களையெல்லாம் நான் அன்றைக்கு ஒரு முறை மரியாதையோடு நினைத்துக்கொண்டேன்.

கழனி எங்களுடையதுதான். என் கணவர் வீட்டாருக்குத் தென்னேரி ஏரிப் பாசனத்தில் இரண்டு துண்டு இருந்தது. மேல் கழனி, கீழ் கழனி என்போம். கணவர் காஞ்சிபுரத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தர். பயிரெல்லாம் தென்னேரியிலேயே குடியிருக்கும் என் கொழுந்தனார் பொறுப்பு.

கொழுந்தனாருக்கு மருந்து அடிப்பதில் இருந்த பக்தியைச் சொல்லியாக வேண்டும். புது ரகக் குட்டை நெல் வந்தது; பின்னாலேயே பூச்சி வந்தது; பூச்சிக்குப் பின்னாலேயே மருந்துக் கடைக்காரர் ஒரு அட்டவணையோடு வந்தார். பத்து நாளைக்கு ஒரு தடவை எண்ட்ரின். அட்டவணையைக் கொழுந்தனார் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டி, அதற்கும் சேர்த்துச் சூடம் காட்டினார். பூச்சி இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்ப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

"பூச்சியே இல்லியே சித்தப்பா, எதுக்கு அடிக்கிறீங்க?" என்று கேட்டாள் என் பெண்.

"இல்லாதப்பவே அடிச்சிடணும்மா. வந்தப்புறம் அடிச்சா அதுக்குப் பேரு சண்ட. வர்றதுக்கு முன்னாடி அடிச்சா அதுக்குப் பேரு மரியாத."

அட்டவணை சொன்ன நாள் அஷ்டமியாகவோ நவமியாகவோ இருந்துவிட்டால் தள்ளி வைப்பார். மருந்துக் கடை ஒன்று சொல்லும், பஞ்சாங்கம் ஒன்று சொல்லும், பஞ்சாங்கம்தான் ஜெயிக்கும்.

"உங்க பூச்சி பஞ்சாங்கம் பாக்குதா சித்தப்பா?"

"அது பாக்கறதில்ல. அதனாலதான் சாவுது."

அவள் சிரித்துவிட்டு அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். மருந்து அடிக்கும் இடைவெளி ஒரே சீராக இல்லையென்றால் கணக்கு மாறுமாம். பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அஷ்டமி, நவமிக்கெல்லாம் ஒரு தனிப் பத்தி போட்டாள். மெட்ராஸில் அவளுடைய பேராசிரியர் அந்தப் பத்தியைப் பார்த்து, இது எந்த மாறி என்று கேட்டாராம். சித்தப்பா என்று சொன்னாளாம்.

கணக்கை எனக்கும் விளக்கினாள். நான் அரையாண்டுத் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பயிரை உறிஞ்சும் தத்துப்பூச்சி ஒரு பக்கம். தத்துப்பூச்சியைத் தின்னும் சிலந்தி இன்னொரு பக்கம். பூச்சி பெருகினால் சிலந்திக்கு இரை பெருகும், சிலந்தி பெருகும். சிலந்தி பெருகினால் பூச்சி குறையும். பூச்சி குறைந்தால் சிலந்தி பட்டினி கிடந்து குறையும். இரண்டு அலைகள், ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு. இதற்கு நடுவில் சித்தப்பா போய் மருந்தை அடித்தால் இரண்டும் சாகும். ஆனால் பூச்சி சீக்கிரம் எழுந்துவிடும். இரை வந்து சேர்ந்த பிறகுதான் சிலந்தி எழும். அந்த இடைவெளியில் பூச்சிக்குக் கேள்வி கேட்க ஆள் இல்லை. அதனால் மருந்துக்குப் பிறகு வரும் அலை, மருந்துக்கு முன் இருந்த அலையைவிட உயரம்.

இதையெல்லாம் மடக்கை அட்டவணையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளாக, கையால் போட்டிருந்தாள். ஒரு குத்துப் பயிருக்கு 2.4 சிலந்தி என்று ஓரிடத்தில் வந்திருந்தது. என் கை சும்மா இருக்குமா? சிவப்பில் ஒரு சுழி போட்டேன்.

"சிலந்தி எப்படிடி புள்ளி நாலு வரும்?"

"சராசரிம்மா."

"சராசரியா இருந்தாலும் காலு இருக்கணும் இல்ல? அந்தப் புள்ளி நாலு சிலந்திக்கு எத்தினி காலு?"

"மூணு புள்ளி ரெண்டு" என்றாள், கொஞ்சமும் சிரிக்காமல்.

வரைபடத் தாளுக்குக் காஞ்சிபுரத்தில் பஞ்சமில்லை. புடவைக் கரைக்கும் முந்தானைக்கும் கட்டம் போட்ட தாளில்தான் டிசைன் போடுவார்கள். வீணானவற்றைக் கணவர் சங்கத்திலிருந்து கொண்டுவருவார். முன்பக்கம் பாதி மயில், பின்பக்கம் என் பெண்ணின் பூச்சிகள். ஒருநாள் சங்கத்து டிசைன்காரர் ஏதோ வேலையாக வீட்டுக்கு வந்தவர், மேசையில் கிடந்த தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பூச்சி சிவப்பு, சிலந்தி பச்சை.

"கரைக்கு நல்லா இருக்குதும்மா. ஆனா இந்த அலை போவப் போவ பெருசாவுதே. திருப்பித் திருப்பி வராதே. எல்லாத்தையும் ஒரே உசரமா போட்டுக் குடு, தறியில ஏத்திடலாம்."

"ஒரே உசரமா வரணும்னா மருந்து அடிக்கிறத நிறுத்தணும் அண்ணே."

"பட்டுக்கா?" என்றார் அவர் திகைத்துப்போய். "பட்டுக்கு யாரு மருந்து அடிக்கிறா?"

அந்தப் பருவத்தில் மேல் கழனிக்கு மருந்தே இல்லை, கீழ் கழனிக்கு வழக்கம்போல, என்று கொழுந்தனாரிடம் அவள் சம்மதம் வாங்கினாள். அவர் சம்மதித்தது அன்பினால் அல்ல. மேல் கழனி பாழாகி இவள் மூக்கு உடைவதை ஊர் பார்க்கட்டும் என்றுதான். மாதம் முழுவதற்கும் மருந்து அடிக்கும் தேதிகளைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். நோட்டு அட்டையின் உள்பக்கம் அதை ஒட்டிக்கொண்டாள். அடித்த நாளிலிருந்து நான்கு நாள் கீழ் கழனிப் பக்கம் போவதில்லை என்பது அவளுடைய விதி.

பேராசிரியரிடம் அனுமதி வாங்கி அந்தப் பருவம் முழுக்க எங்களோடேயே தங்கினாள். திங்களும் வியாழனும் முதல் பஸ்ஸில் தென்னேரிக்குப் போய் எண்ணுவாள். எண்ணும் முறைதான் தெருவில் எங்கள் மானத்தை வாங்கியது. ஒரு கண்ணாடிப் புட்டி, அதன் மூடியில் இரண்டு ரப்பர் குழாய். ஒன்றைப் பயிரின் தூரில் இருக்கும் சிலந்திக்கு நேராகப் பிடித்து, மற்றதை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். சிலந்தி புட்டிக்குள் விழும். வாய்க்கு வராமல் குறுக்கே ஒரு வலைத்துணி. டீச்சர் பொண்ணு கழனியில் பூச்சி உறிஞ்சுகிறது என்ற செய்தி, குழாயடியில் என்னிடமே வந்து, உண்மையா டீச்சர் என்று விசாரித்தது.

பெண்ணுக்கு இருபத்திரண்டு முடிந்திருந்தது. பூச்சி உறிஞ்சும் செய்தி ஊர் எல்லையில் இருக்கும் செவிலிமேட்டைத் தாண்டுவதற்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று அலைந்தேன். செவிலிமேட்டிலேயே ஒரு வரன் கிடைத்தது. சொந்த வீடு, பையனுக்கு அரசாங்க வேலை. ஒரு வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

என் கணவர் வெளியாட்கள் முன்னால் "ஆமாங்க" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறவர். பேசுவதற்குக் கொழுந்தனார்தான் வேண்டும். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அவருடைய தேதித் தாளில் இருந்தது. கீழ் கழனிக்கு மருந்து. செவ்வாய்க்கிழமை அவர் டவுனுக்கு வந்தபோது பிடித்துக்கொண்டேன்.

"வெள்ளிக்கிழம காலையிலயே நீங்க இங்க இருக்கணும் தம்பி. மருந்த நாளைக்கே அடிச்சிடுங்க."

அவர் பஞ்சாங்கம் பார்த்தார். புதன்கிழமைக்கு ஒரு தோஷமும் இல்லை.

"அடிச்சிடறேன். தேதி மாறினத பாப்பாகிட்ட சொல்லிடுங்க அண்ணி. அது எண்ண வரும்."

"நான் சொல்லிக்கிறேன்" என்றேன்.

சொல்லவில்லை. மறந்து போனேன் என்று எழுதினால் சுலபமாக இருக்கும், மறக்கவில்லை. தேதி மாறியது என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். அவள் எதற்கும் ஏன் என்று கேட்கிறவள். ஏன் என்று கேட்டால் பெண் பார்க்க வருவது வெளியே வரும். வெளியே வந்தால் அடுத்த பஸ்ஸில் மெட்ராஸுக்குப் போய்விடுவாள். வியாழக்கிழமை சாயங்காலம் வரை வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். சாயங்காலத்துக்குமேல் தப்பிக்க அவளுக்கு நேரம் இருக்காது. நன்றாகத்தான் கணக்குப் போட்டேன். வியாழக்கிழமை காலையில் அவள் எந்தக் கழனியில் இறங்குவாள் என்ற ஒரு வரி மட்டும் அந்தக் கணக்கில் இல்லை.

வியாழக்கிழமை அவள் முதல் பஸ்ஸில் போனாள். நான் பள்ளிக்கு லீவு எழுதிக் கொடுத்திருந்தேன். அதே நேரத்தில் கொழுந்தனார் எதிர் பஸ்ஸில் இங்கே வந்துகொண்டிருந்தார், என் உத்தரவின்படி, பக்கத்து வீடுகளில் நாற்காலி இரவல் வாங்க. வருகிறவர்கள் ஆறு நாற்காலியில் உட்கார்ந்தால்தான் நாங்கள் கௌரவமான குடும்பம்; எங்களிடம் இருந்தது இரண்டு. முதல் நாற்காலியைக் கூடத்தில் இறக்கிவிட்டுக் கேட்டார்:

"பாப்பா எங்க அண்ணி?"

"கழனிக்குப் போயிருக்குது."

"மேல் கழனிதானே?"

"ஆமா" என்றேன். எனக்குத் தெரியாது. கேள்விக்கு உடனே விடை சொல்லிப் பழகிய வாய்.

மருந்து அடிப்பதற்கு முந்தின நாள் கீழ் கழனியை எண்ணியாக வேண்டும். அடித்தபின் வரும் எண்ணிக்கையை அதோடு ஒப்பிட்டால்தான் அவள் கணக்கு நிற்கும். வெள்ளிக்கிழமை மருந்து என்று நம்பியவள், வியாழக்கிழமை விடியற்காலையில், இலையில் பனி சொட்டச் சொட்டக் கீழ் கழனிக்குள் இறங்கி, குத்துக் குத்தாகக் குனிந்து, மூன்று மணி நேரம் உறிஞ்சியிருக்கிறாள்.

பதினோரு மணிக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தல சுத்துதும்மா. வாந்தி வர மாதிரி இருக்குது."

நான் கூடத்தில் இருந்த நாற்காலிகளைப் பார்த்தேன். யாரோ சொல்லிவிட்டார்கள், இது நாளைக்கான நாடகம் என்று தோன்றியது.

"நடிக்காத. யாரு சொன்னாங்க உனக்கு?"

"இன்னா சொன்னாங்க?"

அவளுக்குத் தெரியாது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. பேச்சை மாற்றினேன். "வெயில்ல நின்னுக்கினு இருந்தா அப்படித்தான் இருக்கும். உக்காரு, எண்ணெய் வெச்சு விடறேன்." நாளைக்குத் தலை பளபளவென்று இருக்க வேண்டும், சூட்டுக்கும் நல்லது, ஒரு கல்லில் இரண்டு மாங்காய். உச்சந்தலையில் கை நிறைய எண்ணெய் வைத்து, கழுத்து வரை வழித்து விட்டேன்.

"அம்மா, கீழ் கழனில வாசன ஜாஸ்தியா இருந்துது. சித்தப்பா நாளைக்குத்தானே அடிக்கிறாரு?"

என் விரல்கள் அவள் முடிக்குள் இருந்தன. கேட்ட உடனேயே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் நாளைக்கு வரப்போகிறவர்களைத்தான் முதலில் நினைத்தேன் என்பதை எழுதாமல் விட்டால் இதை எழுதுவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

"இந்த மாசம் தென்னேரி முழுக்கவே அந்த வாசனதானே" என்றேன். அந்த வாக்கியத்தில் ஒரு பொய்யும் இல்லை. எந்த டீச்சரும் அதற்கு முழு மார்க் போடுவார்.

சீப்பை எடுத்துக் கொடுத்தேன். அது அவள் கையில் நிற்கவில்லை. விரல்கள் தனித்தனியாகத் துடித்தன, பிறகு தோள், பிறகு உடம்பு முழுவதும். நான்காவது நாற்காலியோடு உள்ளே வந்த கொழுந்தனார் அதைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டார். அவள் உடையில் வீசிய மருந்து அவருக்கு ஒரு மூச்சிலேயே தெரிந்தது.

"அண்ணி, நீங்க சொல்லலியா?"

ரிக்‌ஷாவில் அவளை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸ் துணியையெல்லாம் கழற்றி, சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். "எண்ணெய் யாரு வெச்சது?" என்று கேட்டார் டாக்டர். நான் என்றேன். தோலில் ஒட்டிய மருந்தை எண்ணெய் இன்னும் வேகமாக உள்ளே இழுக்கும் என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஊசிக்குமேல் ஊசி போட்டு, பொழுது சாய்வதற்குள் வலிப்பு நின்றது. பிழைத்துக்கொண்டாள். சீப்பு தரையில் விழும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் கை வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்க்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில், பெண் பார்க்க வர வேண்டியவர்களுக்குப் பதில் போலீஸ் ஏட்டு வந்தார். விஷக் கேஸ் என்றால் ஆஸ்பத்திரி சொல்லி அனுப்பிவிடும். நல்ல மனிதர். ஆஸ்பத்திரிப் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வயித்து வலி தாங்காம குடிச்சிடுச்சின்னு எழுதிக்கலாம் டீச்சரம்மா. எல்லாருக்கும் அதான் எழுதறது. பொண்ணு பேரு கெடாது."

காஞ்சிபுரம் தாலுகாவில் மருந்து குடித்த பெண்கள் எல்லோருக்கும் ஒரே வயிற்றுவலி. அந்த வயிற்றுவலிக்கு ஒரு டாக்டரும் இதுவரை மருந்து கண்டுபிடிக்கவில்லை.

"அவ குடிக்கல."

"எல்லாத் தாயாரும் அதான் சொல்றாங்க. இன்னிக்குப் பொண்ணு பாக்க வரதா இருந்துதாமே? நாலு நாற்காலி வாங்கினீங்களாமே?"

குடித்தாள் என்று எழுதினால் தற்கொலை முயற்சி, வழக்கு உண்டு. படிப்பு போகும். தானே சாகப் பார்த்தவள் என்ற பெயர் கடைசிவரை அவள் பின்னாலேயே வரும். கணவரை வீட்டுக்கு ஓடச் சொன்னேன். நோட்டையும் தாள்களையும் புட்டியையும் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று வேடிக்கை பார்க்க, நான் எட்டாம் வகுப்புக்கு நடத்துவது போல ஏட்டுக்குப் பாடம் நடத்தினேன். இது பூச்சி, இது சிலந்தி, இது மருந்து. நான் சிவப்புப் பென்சிலால் கிண்டல் செய்த கணக்கு ஒவ்வொரு வரியாக என் வாயிலிருந்து வந்தது. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. நன்றாகத்தான் புரிந்து வைத்திருந்திருக்கிறேன்.

ஏட்டு தலையை ஆட்டினார். நம்பவில்லை. புட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இத்த வாயில வெச்சு உறிஞ்சறதா? எப்படி?" என்று குழாயை உதட்டுக்குக் கொண்டுபோனார். நான் அவர் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். புட்டி தரையில் விழுந்து உடைந்தது. சீருடையில் இருந்த போலீஸ்காரரைப் பொது இடத்தில் அடித்ததற்கு என்ன தண்டனையோ தெரியாது. அந்த அடிதான் அவரை நம்ப வைத்தது. உதட்டைத் துண்டால் துடைத்துக்கொண்டு, நோட்டைத் தானே திறந்தார். அட்டையில் ஒட்டியிருந்த தேதிகளைப் படித்தார்.

"வெள்ளிக்கிழம மருந்துன்னு போட்டிருக்குது. பொண்ணு வியாழக்கிழம எறங்கியிருக்குது. அப்ப மருந்து எங்கேர்ந்து வந்துது?"

எத்தனையோ சமன்பாடுகளைத் தாண்டி, சரியான வரியில் விரல் வைத்த முதல் ஆள் அவர்தான்.

கொழுந்தனார் முன்னால் வந்தார். "நான்தான் சார் தேதிய மாத்தி..."

விட்டிருக்கலாம். அவர் அப்படியே சொல்லி முடித்திருப்பார், ஊரும் நம்பியிருக்கும். கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் என் பெண் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள்.

"மாத்தச் சொன்னது நான்" என்றேன். "அவகிட்ட சொல்றேன்னு சொன்னது நான். சொல்லாம விட்டதும் நான்தான்."

"ஏன் சொல்லல?"

"பொண்ணு பாக்க வராங்கன்னு தெரிஞ்சா ஊருக்குப் போயிடுவான்னு."

ஏட்டு எழுதினார். தாயாரின் கவனக்குறைவு என்று முடித்திருந்தார். கவனக்குறைவு இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதைவிடக் கடுமையான சொல் அவர்களுடைய படிவத்தில் இருக்காது என்று தோன்றியது. கையெழுத்துப் போட்டேன். வழக்கு இல்லை. செவிலிமேட்டுக்காரர்கள் வலிப்பு உள்ள பெண் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்கும்போது எல்லா வீட்டிலும் கதையைக் கேட்டார்கள். எல்லா வீட்டிலும் சொன்னேன்.

மேல் கழனியில் பூச்சி ஏறி, சிலந்தி ஏறி, பூச்சி இறங்கியது. கீழ் கழனியில் அடுத்த அலை உயரமாக வந்தது. மேல் கழனிக்கு அந்த வருஷம் காற்று சாதகம் என்றார் கொழுந்தனார். கீழ் கழனிக்குக் கண்பட்டுவிட்டது என்று ஒரு பூசணிக்காய் உடைத்துவிட்டு மறுபடியும் மருந்து அடித்தார்.

என் பெண் படிப்பை முடித்து, இப்போது கோயம்புத்தூர்ப் பக்கம் பூச்சி ஆராய்ச்சியில்தான் இருக்கிறாள். கல்யாணப் பேச்சை நான் எடுப்பதில்லை. என்னை அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வாரம் தவறாமல் கடிதம் வருகிறது. சாப்பாடு, மழை, என் முழங்கால் வலி எல்லாம் விசாரிக்கிறாள். போன மாதம் அப்பாவுக்குத் திங்கட்கிழமை கண் ஆபரேஷன், வந்துவிடு என்று எழுதியிருந்தேன். ஆறாம் நாள் கொழுந்தனார் தென்னேரியிலிருந்து ஒரு கடிதத்தைக் கையில் ஆட்டிக்கொண்டு வந்தார்.

"உங்க பொண்ணு எனக்கு எழுதியிருக்குது பாருங்க அண்ணி. ஆபரேஷன் என்னிக்குன்னு எங்கிட்ட கேக்குது. நீங்க எழுதலியா?"

வாங்கிப் படித்தேன். கிழமையும் தேதியும் இரண்டும் எழுதச் சொல்லியிருந்தாள், அடியில் கோடு போட்டு.

"திங்கட்கிழமைதான்னு எழுதிப் போடுங்க தம்பி" என்றேன். "உங்க கையெழுத்துலயே எழுதுங்க."